ஈசூனிலிருந்து பொங்கோலுக்கு ஒரு பவளத்தொட்டி

சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டை விற்றுவிட்டுப் பொங்கோலில் பிடிஓ வீட்டுக்கு, அதாவது அரசாங்கம் புதிதாகக் கட்டி விற்கும் அடுக்குமாடி வீட்டுக்கு, போவது என்று முடிவானதும், அம்மாவுக்குச் சாமி மாடத்தைப் பற்றிக் கவலை, மனைவிக்கு அடுப்படி அலமாரிகளைப் பற்றி. எனக்கு ஹால் மூலையில் நின்ற நாலடித் தொட்டி. ஆறு வருடமாக ஓடும் உப்புத்தண்ணீர்ப் பவளத்தொட்டி. வீட்டுச் சாமான் ஏற்றும் ஆட்களிடம் கேட்டதற்கு, காலிக் கண்ணாடி என்றால் தூக்குவோம், உள்ளே இருப்பதெல்லாம் உங்கள் பாடு என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பாட்டைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொட்டி 120 செ.மீ. நீளம், 60 அகலம், 50 உயரம், 12 மில்லிமீட்டர் கண்ணாடி. வெறும் கண்ணாடியே 80 கிலோவுக்குப் பக்கம் வரும். கீழே அலமாரிக்குள் சம்ப், அதாவது தண்ணீர் இறங்கி வடிகட்டப்படும் இன்னொரு தொட்டி. கல்லும் மணலும் பிடித்துக்கொண்ட இடம் போக, மேலும் கீழுமாகச் சுற்றும் தண்ணீர் சுமார் 360 லிட்டர். லைவ் ராக், அதாவது பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கல், 40 கிலோ. குடியிருப்பவர்கள்: ஒரு ஜோடி கோமாளி மீன், அவை குடியிருக்கும் ஒரு கடற்சாமந்தி, யெல்லோ டாங் மீன் ஒன்று, சிக்ஸ்லைன் ராஸ் மீன் ஒன்று, கிளீனர் இறால் இரண்டு, மணலில் வளை தோண்டி ஒன்றாக வாழும் ஒரு கோபி மீனும் ஒரு பிஸ்டல் இறாலும். பவளங்களில் டார்ச், ஹேமர், லெதர், மஷ்ரூம், கொஞ்சம் மான்டிபோரா, இரண்டு கல் முழுக்கப் படர்ந்த சோவாந்தஸ்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே அனுமதியோடு இறக்குமதியானதைக் கடையில் வாங்க முடிகிறது, ரசீதும் வைத்திருக்கிறேன். இந்தியாவில் கல் பவளங்கள் 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது ஒரு துண்டு கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். மீன் மட்டும் வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

மாற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்தவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. ஹீட்டரை மறக்காதே, பெட்டியைப் போர்வையால் சுற்று, சூடு தரும் பொட்டலம் வை. எனக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. ஜூன் மாதச் சிங்கப்பூரில் மூடிய லாரிக்குள் என்ன வெக்கை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் தொட்டி 25.5 டிகிரியில் பழகியது. உப்புத்தண்ணீர் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத்தான் பிடித்து வைக்கும், 30ஐத் தாண்டினால் 6.2க்குக் கீழே இறங்கிவிடும். மீனுக்கோ சூடு ஏற ஏற மூச்சுத் தேவை கூடும். ஆக, இங்கே தொட்டி மாற்றுவது என்றால் வெயிலோடு மல்லுக்கட்டுவது. இதைப் புரிந்துகொண்டுதான் ஆரம்பித்தேன். புரிந்துகொண்டும் ஓர் இடத்தில் கோட்டை விட்டேன், அது பின்னால் வருகிறது.

மணல்

முதலில் எடுத்த முடிவு, பழைய மணல் ஒரு பிடிகூட வராது. இதில் எனக்கே ஒரு வாரம் சஞ்சலம் இருந்தது. ஆறு வருட மணல், அதில் எவ்வளவு பாக்டீரியா, எவ்வளவு சிறு புழு, எவ்வளவு காசு! ஒரு மக் மணலை அடிவரை அள்ளி வாளியில் போட்டுப் பார்த்தேன். மேலே வெள்ளை, அடியில் கண்ணாடியை ஒட்டிக் கரும்பட்டை. கலக்கியதும் அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்ஃபைடு. அந்த வாளித் தண்ணீரில் அம்மோனியா டெஸ்ட் போட்டால் குழாய் பச்சையாக மாறியது, மீனுக்கு விஷமான அம்மோனியா இருக்கிறது என்று அர்த்தம். அசையாமல் கிடக்கும்வரை அது யாருக்கும் தொந்தரவில்லை. கிளறிவிட்டு, அதே மணலை அதே தண்ணீரோடு இன்னொரு இடத்தில் கொட்டினால் ஒரே ராத்திரியில் எல்லாம் முடிந்துவிடும். தொட்டி மாற்றும்போது மொத்தமாக இழந்தவர்கள் கதையைக் கேட்டால் பாதியில் மணல் இருக்கும்.

அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா கல்லிலும் நிறைய இருக்கிறது. கல்லை ஈரம் காயாமல், மூச்சுத் திணறாமல் கொண்டுபோனால் போதும். புது அரகோனைட் மணல் 30 கிலோ வாங்கினேன். கழுவு கழுவென்று கழுவினேன். ஒன்பதாவது தடவையிலும் பால் மாதிரித்தான் வந்தது. பிறகு விட்டுவிட்டேன்.

தண்ணீர்

360 லிட்டரையும் தூக்கிக்கொண்டு போவது வீண் வேலை. தண்ணீரில் பாக்டீரியா கொஞ்சம்தான். உயிர்களைப் பெட்டியில் வைக்கத் தேவையான 150 லிட்டர் மட்டும் பழைய தண்ணீர், மீதி 210 லிட்டர் புது வீட்டிலேயே கலந்து வைப்பது என்று கணக்கு. சாவி கைக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்ததால் இது சாத்தியமாயிற்று. சாவி கிடைத்த அன்றே தொட்டி மாற்ற நேர்கிறவர்களுக்கு இந்த வசதி இருக்காது. அவர்கள் பழைய வீட்டில் கலந்து தூக்கித்தான் ஆக வேண்டும்.

இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் உண்டு. சாதாரண குளோரின் முறிப்பு மருந்து ஊற்றினால் குளோரின் பகுதி போய் அம்மோனியா மிஞ்சிவிடும். அதனால் கரைந்திருப்பதையெல்லாம் நீக்கும், ஆர்ஓவும் டிஐயும் சேர்ந்த வடிகட்டியைப் புது வீட்டுச் சமையலறைக் குழாயில் மாட்டினேன். புதுக் குழாய்களில் செம்பு கரைந்து வருமோ என்ற பயம் இன்னொரு பக்கம். இறாலுக்கும் பவளத்துக்கும் செம்பு விஷம். கால் மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டுப் பிறகுதான் இணைத்தேன். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான் சொட்டும். இரண்டு நீல டிரம் நிறைய ஒரு நாள் ஆயிற்று. வெளியேறும் கழிவுத் தண்ணீர் அதைப்போல மூன்று மடங்கு. அம்மா அதையெல்லாம் வாளி வாளியாகப் பிடித்துப் புது வீட்டுத் தரையை மூன்று தடவை துடைத்துவிட்டார்.

அம்மாவோடு ஒரு சின்ன உரசலும் வந்தது. பால் காய்ச்சுவதற்கு முன் எதுவும் உள்ளே போகக் கூடாது, முதலில் போக வேண்டியது உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதற்கு நாலு நாள் முன்பே 20 கிலோ கடலுப்பு வாளியைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். பயந்துகொண்டே சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தார். “உப்புதானே? நல்லதுதான் போ.” அதோடு விட்டுவிட்டார்.

உப்பு லிட்டருக்கு 38 கிராம் கணக்கில் போட்டு, உப்புச் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 காட்டும்வரை சரிசெய்து, டிரம்முக்குள் தண்ணீரைச் சுழற்றும் ஒரு வேவ்மேக்கரைப் போட்டு இரண்டு நாள் சுற்றவிட்டேன். உப்புச் செறிவு மட்டும் ஒத்துப்போனால் பற்றாது. பாதிக்கு மேல் தண்ணீர் மாறும்போது காரத்தன்மை குதித்தால் பவளம் சுருண்டுவிடும். என் தொட்டி 7.6 டிகேஎச் (காரத்தன்மையின் அளவு), புதுக் கலவை 8.4. அதனால் முந்தைய மூன்று வாரமும் அதே உப்பில் வாரம் 15 சதவீதம் தண்ணீர் மாற்றித் தொட்டியை மெல்ல 7.9க்குக் கொண்டுவந்து வைத்தேன்.

பெட்டிகள்

உயிர்களைக் கொண்டுபோக நான் கண்டவற்றில் நல்லது மீன் வரும் ஸ்டைரோஃபோம் பெட்டி. ஊரில் தெர்மாகோல் என்போமே, அதே. தேக்கா ஈரச்சந்தையில் காலை பதினொரு மணிக்கு மேல் போனால் காலிப் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கும். மீன் கடை அண்ணனிடம் கேட்டேன், “எத்தனை வேணுமோ எடுத்துக்க தம்பி, என்ன பிசினஸ்?” என்றார். மீனுக்குத்தான் அண்ணே என்றேன். உயிரோடா என்று சிரித்தார். ஏழு பெட்டி. கழுவி, வெயிலில் காய வைத்து, உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை விரித்து, மூடியில் காற்றுக் குழாய் நுழைய ஓட்டை போட்டேன். பவர்பேங்கில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஐந்து. வெப்பம் தாங்குவதில் பிளாஸ்டிக் டப்பா இதன் பக்கத்தில் வராது.

ஃப்ரீசரில் ஒன்றரை லிட்டர் போத்தல் எட்டு, தண்ணீர் நிரப்பி உறைய வைத்தேன். ஐஸ்கிரீமுக்கு இடமில்லை என்று மகளுக்குக் கோபம்.

மாற்றுவதற்கு முந்தைய இரண்டு நாளும் மீனுக்குச் சாப்பாடு இல்லை. வயிறு காலியாக இருந்தால் பெட்டித் தண்ணீர் கெடாது.

சனிக்கிழமை

வீட்டுச் சாமான்கள் ஞாயிற்றுக்கிழமைதான். தொட்டிக்கு மட்டும் தனியாகச் சனிக்கிழமை. ஒரே நாளில் இரண்டையும் செய்யாதீர்கள். கட்டில் எங்கே போட என்று யாராவது கேட்கும்போது உங்கள் கையில் பவளம் இருக்கும்.

காலை ஐந்தரைக்கு ஆரம்பம். மைத்துனனும் வந்துவிட்டான். எதையும் கலக்குவதற்கு முன், மேலே தெளிவாக இருக்கும் தண்ணீரை ஹோஸ் வைத்து இழுத்து ஏழு பெட்டிகளையும் பாதி நிரப்பினோம். இந்த வரிசை முக்கியம். கல்லில் கைவைத்த பிறகு கிடைப்பதெல்லாம் சேறு.

பிறகு பவளம். சோவாந்தஸ் கல்லைத் தொடும் முன் முழங்கைவரை ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. மைத்துனன் சிரித்தான். சோவாந்தஸிலும் அதன் உறவுக்காரப் பாலித்தோவாவிலும் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற விஷம் உண்டு. கையில் சிராய்ப்போடு தொட்டாலோ, நசுங்கிக் கண்ணில் தெறித்தாலோ ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இந்தக் கல்லை வெந்நீரில் கழுவவே கூடாது, ஆவியோடு மூச்சில் போகும். இதைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனும் கையுறை மாட்டிக்கொண்டான்.

அன்றைக்கு மிகவும் பயந்து செய்த வேலை டார்ச் பவளம். ஒன்பது தலை, விரிந்து நிற்கும்போது ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். சதைக்குள் தண்ணீர் நிறைத்துத்தான் அது அப்படி உப்பி நிற்கிறது. உப்பியபடியே தண்ணீருக்கு வெளியே தூக்கினால் சதையின் பாரத்தாலேயே எலும்புக்கூட்டின் விளிம்பில் உரசிக் கிழியும். விளக்கைப் போடவில்லை. தண்ணீருக்குள்ளேயே அடிக்கல்லைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். ஒவ்வொரு தலையாகச் சுருங்க ஆரம்பித்தது, பச்சை நுனிகள் உள்ளே போய்க் கடைசியில் எலும்பின் பள்ளங்களுக்குள் ஈரத்துணி திணித்தது மாதிரி ஒடுங்கிக்கொண்டது. பிறகு தண்ணீருக்குள்ளேயே பெட்டியை இறக்கி, வெளியே எடுக்காமலே மாற்றினேன். எட்டுத் தலை முழுசாக வந்தது. ஒன்பதாவது பெட்டி விளிம்பில் பட்டுவிட்டது. சின்ன உரசல்தான், ஆனால் சத்தம் கேட்டது.

கடற்சாமந்தியைப் பிய்க்க முயலவில்லை. அதன் கால் கல் வெடிப்புக்குள் ஆழமாகப் போய்ப் பிடித்திருக்கும், கால் கிழிந்தால் பிழைக்காது. அது உட்கார்ந்திருந்த கல்லை அப்படியே தூக்கித் தனிப் பெட்டியில் வைத்தோம். கோமாளி ஜோடி அதை விட்டு நகரவே இல்லை. வலை வேண்டியிருக்கவில்லை, வீட்டோடு சேர்ந்து லாரி ஏறிவிட்டன.

பவளம் ஒட்டிய கற்களும் ஸ்பாஞ்ச் படர்ந்த கற்களும் தண்ணீரில் முழுகியபடி. ஸ்பாஞ்சுக்குக் காற்று பட்டால் ஆகாது. மற்றவை தொட்டித் தண்ணீரில் நனைத்த பழைய துண்டுகளில். ஒரு கல்லைத் தூக்கியபோது சிக்ஸ்லைன் ராஸ் அதன் துளையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. நல்லவேளை, ஈரத்துண்டின் மேல். அதிலிருந்து ஒவ்வொரு கல்லையும் பெட்டிக்கு மேல் பிடித்து ஒரு நிமிடம் வடியவிட்டுத்தான் எடுத்தோம். இரண்டு நண்டு விழுந்தன, அவை இருப்பதே எனக்குத் தெரியாது.

கல் முழுவதும் போய்த் தண்ணீர் ஒரு சாண் ஆனதும் மீன் பிடிப்பது சுலபம். கல் இருக்கும்போது துரத்தினால் நாள் முழுக்கத் துரத்தலாம். டாங்குக்கு வலை போடவில்லை. அதன் வாலடியில் கத்தி மாதிரி ஒரு முள், வலையில் மாட்டிக்கொண்டால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவை அமிழ்த்தி மூலைக்கு ஓட்டினோம். மூன்றாவது முயற்சியில் தானே உள்ளே போயிற்று.

கோபி கிடைத்தது. பிஸ்டல் இறால் கிடைக்கவில்லை. கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் எழுப்பும், கண் சரியாகத் தெரியாத இறால் அது. வளை தோண்டுவது அதன் வேலை, வாசலில் காவல் நிற்பது கோபியின் வேலை. மணலை ஒவ்வொரு மக்காக அள்ளி வலையில் சலித்தேன். நாற்றத்தில் மனைவி ஜன்னல்களைத் திறந்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று வாளி சலித்தும் இல்லை. மணி எட்டேகால், லாரி ஒன்பதுக்கு. மீதியைச் சலிக்காமலே மூட்டை கட்டினோம். கோபியைத் தனியாகப் பெட்டியில் விடும்போது என்னவோ போல இருந்தது.

அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் என்ன என்று மைத்துனன் கேட்டான். ஐந்து செ.மீ. தண்ணீர் என்றால் இந்தத் தொட்டியில் 36 லிட்டர், அதாவது 36 கிலோ, அதுவும் தூக்கும்போது ஒரு பக்கமாக ஓடும் 36 கிலோ. சிலிக்கோன் ஒட்டுகள் அந்த முறுக்கலைத் தாங்க வேண்டிய அவசியமில்லை. துடைத்துக் காலியாக்கித்தான் தூக்கினோம். சக்ஷன் கைப்பிடி நாலு, ஆள் நாலு. லிஃப்டின் உள்ளளவை முந்தைய வாரமே அளந்து வைத்திருந்தேன். லாரியில் தடித்த ஃபோம் விரிப்பின் மேல் அடிப்பக்கம் கீழாகவே வைத்தோம்.

பெட்டிகளை லாரியில் ஏற்றவில்லை. அவை ஏசி போட்ட என் காரில் என்னோடு. இருபத்தைந்து நிமிடப் பயணம். மூடியைத் திறந்து வைத்து, காற்று ஓடவிட்டு. நீண்ட நேரம் கட்டிய பையில் மீனைக் கொண்டுபோனால் மூச்சில் வரும் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கும், அதில் அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்ததும் கரியமில வாயு பறந்து பிஎச் ஏறி, அதே அம்மோனியா விஷமாகிவிடும். கிட்டத்திலேயே போகிறோம் என்றால் கட்டாமல் காற்று விடுவதே மேல். பெட்டிகள் போய்ச் சேர்ந்தபோது 26.5 டிகிரி. எனக்கு ஒரே பெருமை.

கோட்டை விட்ட இடம்

அலமாரியை எங்கே வைப்பது என்பதைக் கட்டுமானப் பொறியாளரான நண்பர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டி முன்பே தீர்த்தாயிற்று. நிறைந்த தொட்டி அலமாரியோடு 550 கிலோவுக்கு மேல் வரும், அதனால் சுவரை ஒட்டி, உத்தரத்துக்கு மேலாக. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் இடது மூலை நாலு மில்லிமீட்டர் இறக்கம். ஆப்பு வைத்தது அலமாரியின் காலுக்கடியில். தொட்டிக்கும் அலமாரிக்கும் நடுவில் ஆப்பு வைத்தால் கண்ணாடி ஒரே புள்ளியில் பாரம் தாங்கி ஒரு நாள் பிளக்கும்.

வெறும் கண்ணாடிமேல் முதலில் கல்லை அடுக்கினோம், பிறகுதான் மணல். மணல் மேல் கல்லை வைத்தால் தோண்டுகிற பிராணி அடியைத் தோண்டிக் கல்லைச் சாய்த்துவிடும். அப்புறம் டிரம் தண்ணீர். புது மணலால் பால் மாதிரி ஆயிற்று, எதிர்பார்த்ததுதான். பழைய தண்ணீரையும் சேர்த்து, சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப் போட்டு, ஒரு மணி வாக்கில் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். 28.4.

210 லிட்டர் புதுத் தண்ணீரும் இரண்டு நாளாக மூடிக் கிடந்த வீட்டில் டிரம்முக்குள் 30 டிகிரிக்குப் பக்கம் நின்றிருக்கிறது. உப்பு பார்த்தேன், காரம் பார்த்தேன், செம்புவரை யோசித்தேன், சூட்டை யோசிக்கவில்லை. படித்த வழிகாட்டிகளில் புதுத் தண்ணீரை ஹீட்டர் போட்டு 25க்கு ஏற்று என்றிருந்தது. இங்கே ஏற்ற வேண்டியதில்லை என்று அந்த வரியை அப்படியே தாண்டிவிட்டேன். இறக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பரவாயில்லை, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இருக்கிறதே என்று திரும்பினால், அது லாரியிலிருந்து ஒருக்களித்துப் படுத்த நிலையில் இறங்குகிறது. ஏற்றும்போது நான் காரில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். நின்றால் சாயும் என்று நல்ல எண்ணத்தில்தான் படுக்க வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லாதது என் தப்பு. பிரிட்ஜ் மாதிரிதான் இதுவும். படுக்க வைத்தால் கம்பிரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும், உடனே போட்டால் கம்பிரஸர் போய்விடலாம். நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட வேண்டும். ஹால் ஏசிக்கு ஆள் வருவது திங்கட்கிழமை.

பெட்டிகளிலிருந்த உயிர்களுக்குத் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து முக்கால் மணி நேரத்தில் பழக்கி விட்டோம். பவளம் முதலில், மீன் கடைசியில். மூன்று மணிக்கு 29.1. ஐந்து மணிக்கு 29.6. விளக்கு போடவில்லை, ஒரு வேவ்மேக்கரையும் நிறுத்தினேன். மோட்டார் ஒவ்வொன்றும் தண்ணீரைச் சூடாக்கும். லெதர் பவளம் கூம்பிப்போய் நின்றது. டாங் மூலையில் வேகமாக மூச்சு வாங்கியது. அந்தச் செவுள் அசைவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தை மறக்க முடியாது.

உறைந்த போத்தல் எட்டில் இரண்டை வழியில் பெட்டிகளுக்குச் செலவழித்திருந்தேன், ஆறு மிச்சம். ஒன்றரை கிலோ ஐஸ் முழுக்க உருகினால் 360 லிட்டரை ஏறக்குறைய அரை டிகிரி இறக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அனுபவத்திலும் அப்படித்தான் இருந்தது. போத்தலைச் சம்ப்பில்தான் மிதக்கவிட்டேன், பவளத்தின் பக்கத்தில் இல்லை. மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள், உள்ளே இருப்பது நல்ல தண்ணீர். மைத்துனன் கீழே கடைக்குப் போய் இரண்டு கிளிப் ஃபேன் வாங்கிவந்தான். ஒன்று தொட்டி மேற்பரப்பில் வீச, ஒன்று சம்ப்பில். ஃபேன் செய்ததுதான் பெரிய வேலை. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். காலைக்குள் ஆறு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. குறைந்ததை ஆர்ஓ தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும், உப்புத்தண்ணீரால் அல்ல. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கிறது.

இரவு பத்துக்கு 28.2, காலை ஆறுக்கு 27.3. காலி ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். ஞாயிறு மதியம், நிமிர்த்தி இருபத்துநாலு மணி நேரம் ஆன பிறகு சில்லரைப் போட்டேன். முதலில் ஒரு உறுமல், பிறகு வழக்கமான சத்தம். ஒரேயடியாக இறக்காமல் நாளுக்கு ஒரு டிகிரி என்று வைத்து, செவ்வாய்க்கிழமை 25.5.

பிறகு

அம்மோனியா முதல் இரவு 0.25 பிபிஎம், இரண்டாம் நாளும் அதுவே, நாலாம் நாள் பூச்சியம். அந்த நாலு நாளும் சாப்பாடு மிகக் கொஞ்சம். தண்ணீர் மூன்றாம் நாள் தெளிந்தது. புதுத் தச்சு வேலையின் பசை வாசனை வீடு முழுக்க இருந்ததால், நுரைகட்டி அழுக்கெடுக்கும் ஸ்கிம்மர் காற்று இழுக்கும் குழாயை ஜன்னலுக்கு நீட்டிவிட்டேன், சம்ப்பில் கார்பனும் போட்டேன். விளக்கைப் பாதி வெளிச்சத்தில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு ஏற்றினேன்.

உரசிய டார்ச் தலையில் ஆறாம் நாள் பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி ஒன்று தெரிந்தது. அது பக்கத்துத் தலைக்குப் பரவும். பவள வெட்டுக் கத்தரியால் அந்தக் கிளையைத் தாராளமாக விட்டு நறுக்கி எறிந்தேன். எட்டுத் தலை மிஞ்சியது. மான்டிபோரா ஓரம் கொஞ்சம் வெளுத்து, மாதக் கடைசியில் நிறம் திரும்பியது. கடற்சாமந்தி நான் வைத்த இடத்தில் மூன்று நாள் இருந்தது, பிறகு கிளம்பித் தொட்டியின் பின்சுவருக்குப் போய் ஒட்டிக்கொண்டது. முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. கோமாளிகளும் பின்னாலேயே போய்விட்டன. வருகிறவர்கள் மீன் எங்கே என்று கேட்கிறார்கள்.

கோபி மட்டும் ஒரு கல்லோரமாகத் தனியாகக் கிடந்தது. வளையில்லாத கோபியைப் பார்க்கச் சகிக்காது, எப்போதும் எதையோ தேடுவது போலத் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும். சலிக்காமல் கட்டிய அந்த மூட்டைகளைத்தான் நினைத்துக்கொள்வேன். இன்னொரு பிஸ்டல் இறால் வாங்கலாமா என்று கடையில் விலைகூட விசாரித்து வைத்தேன்.

பதினோராம் நாள் ராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு ஹாலில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கண்ணாடி விரிந்துவிட்டது என்றுதான் எழுந்து ஓடினேன். கைவிளக்கு அடித்து நாலு ஓரத்தையும் தடவிப் பார்த்தேன், சொட்டுத் தண்ணீர் இல்லை. மறுபடி ‘டக்’. இடது பக்கப் பெரிய கல்லின் அடியில் மணல் புதிதாகக் குவிந்திருந்தது. குவியலுக்கு மேல் கோபி, வாலை லேசாக ஆட்டியபடி. அதன் வாலைத் தொட்டுக்கொண்டு, துளைக்குள்ளிருந்து ஒரு ஜோடி மீசை.